இரண்டாவது வெள்ளை

காதோரம் கதண்டு வண்டு வந்து ரீங்கரித்தால், தோளில் துண்டு போட்டிருக்கும் எந்த மனிதனும் அதை எடுத்து வீசத்தான் செய்வான். நாகராசுவும் வீசினான். அந்தத் துண்டு வெள்ளையாக இருந்ததும், அவன் நின்ற இடம் பெரிய கண்மாயின் மடைமேடாக இருந்ததும், அன்றைக்கு ஊருக்கே மீன்பிடி நாளாக இருந்ததும்தான் வம்பாகப் போயிற்று.

"வெள்ளை விழுந்துருச்சுடோய்!"

யார் முதலில் கத்தினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கரை நெடுக, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் மூங்கில் ஊத்தாவும் கையுமாகக் காத்திருந்த காரைமேட்டுப்பட்டி ஜனம் மொத்தமும் 'ஹோ' என்ற இரைச்சலோடு கண்மாய்க்குள் பாய்ந்தது. ஆண்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார்கள். பெண்கள் சேலையை இடுப்பில் செருகியிருந்தார்கள். முழங்கால் தண்ணீர் ஒரு நொடியில் காப்பிக் கலராக மாறியது.

ஊர்த் தலைவர் தங்கமுத்து அம்பலம் அந்த நேரம் கரைக் கருப்பர் சந்நிதியில் தேங்காயை ஓங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தார். பூசை முடித்து வந்து அவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊர் இறங்க வேண்டும். பரம்பரை பரம்பரையாக நடந்துவரும் முறை அது. ஒரு கதண்டு அதை அரை நொடியில் முடித்துவிட்டது.

நாகராசு மடைமேட்டின் விளிம்புக்கு ஓடினான்.

"ஏய்! நில்லுங்கய்யா! அது வெள்ளை இல்ல! கதண்டு! கதண்டு!" என்று கத்திக்கொண்டே, துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினான்.

அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. ஏனென்றால் காரைமேட்டுப்பட்டியில் வெள்ளை இரண்டு முறை வீசப்படும். முதல் வெள்ளைக்கு ஊர்க்காரர்கள் இறங்குவார்கள். அவர்கள் ஒரு சுற்று பிடித்து முடித்த பிறகு இரண்டாவது வெள்ளை. அதற்குத்தான் வெளியூர்க்காரர்கள் இறங்கலாம். பொன்னமராவதியிலிருந்தும் திருமயத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த கூட்டம் எதிர்க்கரையில் அந்த வெள்ளைக்காகத்தான் கண்கொட்டாமல் காத்திருந்தது.

"ரெண்டாவதும் விழுந்துருச்சுடோய்!"

எதிர்க்கரையும் சரிந்து இறங்கியது. நாகராசு துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டான். வானத்தைப் பார்த்தான். கதண்டைக் காணவில்லை. பண்ணுவதைப் பண்ணிவிட்டு அது பறந்து போயிருந்தது.

இந்தக் களேபரத்தில் அவன் கண்ணில் ஒரு காட்சி பட்டது. மடைக்குக் கீழே, ஊர்க்காரர்களோடும் சேராமல் வெளியூர்க்காரர்களோடும் சேராமல், ஒரு குடும்பம் மட்டும் தனியாக நின்றது. சேவுகன், அவன் மனைவி செங்கமலம், மகள் அழகி. முதல் வெள்ளைக்கு ஊரே பாய்ந்தபோது செங்கமலம் புருசனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். இரண்டாவது வெள்ளை ஆடிய பிறகுதான் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினான். அப்போது நாகராசு அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவன் கவலை அம்பலத்தின் கைத்தடியைப் பற்றியதாக இருந்தது.

சேவுகன் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. அவன் தாத்தா காரைமேட்டுப்பட்டிக்காரர். பெகுவில் ஒரு நெல்லு மில்லுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பேரன் பிறந்தது, வளர்ந்தது, தமிழ்ப் பெண்ணைக் கட்டியது எல்லாம் அங்கேதான். போன வருடம், 1964-ல், அந்த நாட்டில் கடைகளையும் மில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கட்டிய துணியோடு கப்பலேறிச் சென்னையில் இறங்கி, விசாரித்து விசாரித்துத் தாத்தாவின் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர்ச்சாவடியின் ஒரு மூலையில் குடியிருந்தார்கள்.

செங்கமலம் கைலி கட்டினாள். தாயும் மகளும் கன்னத்தில் ஏதோ மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டார்கள். சாயங்காலமானால் செங்கமலம் சாவடி வாசலில் உட்கார்ந்து, விரல் தண்டிச் சுருட்டு ஒன்றை நிதானமாகப் புகைத்தாள். ஊர் ஆம்பளைகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஊர்ப் பெண்களுக்கோ, வெளியே சொல்லாவிட்டாலும், பெரிய பொறாமை.

ஊருக்குள் சேவுகனுக்குப் பூர்வீக மனை ஒன்று இருந்தது. காலியாகக் கிடந்த அந்த மனையில்தான் நாகராசு பல வருடமாகக் கொட்டகை போட்டு வாடகைச் சைக்கிள் கடை நடத்திவந்தான். ஆக, சேவுகன் ஊர்க்காரன் என்றால் மனை அவனுக்கு. இல்லையென்றால் குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கோ இருக்கும் அரசாங்க முகாமுக்குப் போக வேண்டியதுதான். நாகராசுவுக்குத் திடீரென்று ஊர்ப்பற்று பொங்கிவந்ததன் மூலகாரணம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மாதமாக அவன் கடையில் பஞ்சர் ஒட்டியதைவிடப் பிரசங்கம் அதிகம் நடந்தது.

"மண்ணுல பொறந்தவனுக்குத்தான்யா மண்ணு! நாளைக்குச் சிங்கப்பூர்லேருந்து ஒருத்தன் வருவான், சிலோன்லேருந்து ஒருத்தன் வருவான். எல்லாருக்கும் மனை குடுத்தா நம்ம புள்ளைக எங்கிட்டுப் போறது?"

"அப்ப எப்படி முடிவு பண்றது மாப்புள?" என்று கேட்டான் ரெங்கராஜ். அவன் நாகராசுவின் நிரந்தர ரசிகன். மாவு மில் ஆள்.

"லேசான சோலி! மீன்பிடி அன்னைக்கு எந்த வெள்ளைக்கு எறங்குறானோ அதுதான் அவன் ஊரு. ஊரு முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் தனியா நிக்கட்டும்."

இந்த யோசனை அம்பலத்தின் காதுவரை போய், அவரும் சரியென்று சொல்லிவிட்டார். பூசை முடிந்ததும் கருப்பர் சந்நிதியில் ஊரைக் கூட்டி, சேவுகன் எந்த வெள்ளைக்கு இறங்கலாம் என்று தீர்ப்பு சொல்வதாக ஏற்பாடு. தீர்ப்புக்கு முன்னாலேயே இரண்டு வெள்ளையும் விழுந்துவிட்டன. வீசியவன் யோசனை சொன்ன அதே புண்ணியவான்.

இனி ஒளிந்து பயனில்லை என்று நாகராசு மடைமேட்டிலிருந்து இறங்கினான். இறங்கினான் என்பது மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் வழுக்கி விழுந்தான். விழுந்த இடத்தில் சேறு இடுப்பளவு இருந்தது. அவனைச் சுற்றிலும் திருவிழா! இந்தப் பக்கம் ஒருவன் ஊத்தாவைக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி, "கெண்டை! கெண்டை!" என்று துள்ளினான். அந்தப் பக்கம் ஒரு பெண் மடியில் அள்ளிய மீன் எகிறிக் குதித்து அவள் கொழுந்தன் முகத்தில் அறைந்தது. திருமயத்துக்காரன் ஊத்தாவும் உள்ளூர்க்காரன் ஊத்தாவும் மோதிக்கொண்டன. "யோவ், இது எங்க கண்மாய்யா!" "மீனு அப்படிச் சொல்லலியே!" சிரிப்பு, வசவு, மறுபடி சிரிப்பு. யார் உள்ளூர், யார் வெளியூர் என்று அடையாளம் தெரியவில்லை. எல்லார் மூஞ்சியிலும் ஒரே சேறு.

அந்த நேரத்தில் நாகராசுவின் காலை ஏதோ உரசிக்கொண்டு போனது. அவன் அலறினான். பக்கத்தில் 'தொபீர்' என்று ஒரு ஊத்தா கவிழ்ந்தது. மூங்கில் படபடவென்று அதிர்ந்தது. ஊத்தாவின் மேல் நெஞ்சைப் போட்டு அமுக்கியபடி சேவுகன் கத்தினான்.

"அண்ணே! ஊத்தாவப் பிடிங்க! விட்டுறாதீங்க!"

எதிரியாவது, மனையாவது! நாகராசு இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். சேவுகன் தோள்வரை கையை விட்டு வெளியே எடுத்தபோது சுற்றியிருந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். விரால்! கைக்குழந்தை அளவு! கறுத்து, வழவழத்து, வாலை அடித்து, மூன்று பேர் முகத்தில் சேற்றை வாரி இறைத்தது.

"பெரிய விரால்! பெரிய விராலுடோய்!" முதலில் கூவியது நாகராசுதான். கூவிய பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது, தான் யாருக்கு எதிரான கட்சி என்று.

அன்று பிடிபடும் ஆகப் பெரிய விரால் கருப்பருக்கு. பிடித்தவன் தலையில், அன்றைக்கு வீசிய வெள்ளைத் துண்டையே அம்பலம் பரிவட்டமாகக் கட்டுவார். ஊர்க்காரனுக்கு மட்டுமே கிடைக்கும் மரியாதை அது. இதுவரை வெளியூர்க்காரன் எவன் கையிலும் பெரிய விரால் சிக்கியதில்லை. சிக்கியிருந்தாலும் அவன் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பான்.

கருப்பர் சந்நிதியில் ஊர் கூடியது. எல்லார் மீதும் சேறு சொட்டியது. பெண்கள் மீன் பானைகளை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாகராசுவின் மனைவி கண்ணாத்தாள் முன்வரிசையில் இருந்தாள். அவள் பானை நிறைந்திருந்தது.

"மாப்புள, வெள்ளை வீசுறது யாரு வேலை?" அம்பலம் மெதுவாகத்தான் கேட்டார். அவர் மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"ஒங்க வேலைங்க மாமா."

"அப்பறம் ஏன்யா நீ வீசுன?"

"நான் எங்க வீசுனேன்? கதண்டுல்ல வீச வச்சுச்சு!"

"அந்தக் கதண்டு உள்ளூரா வெளியூரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, கூட்டம் சிரித்தது. ரெங்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து, தான் ஒரு மாதமாகக் கேட்டுப் பாடம் பண்ணியிருந்ததை ஒப்பித்தான்.

"சிரிக்கிற காரியம் இல்லங்க. வெள்ளையத் தொடுறவன் இந்த மண்ணுல பொறந்தவனா இருக்கணும். மண்ணுல பொறந்தவனுக்குத்தான் மண்ணு!"

அது தன் சரக்கு என்று நாகராசுவுக்கு உடனே தெரிந்தது. தன் கடையில் செய்த அரிவாள் தன் கழுத்துக்கே வருவது ஒரு விநோதமான அனுபவம்.

"ஏன், நான் ஊர்க்காரன் இல்லியா?" என்று கேட்டான்.

ஒருவர் இருமினார். ஒருவர் பானைக்குள் மீனை எண்ணுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

"அது வேற மாப்புள…" என்று இழுத்தான் ரெங்கராஜ்.

"என்ன வேற?"

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கிருவோம்."

நாகராசு அம்பலத்தைப் பார்த்தான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு விராலைப் பார்த்தார். நாகராசு சிங்கம்புணரிப் பக்கத்து ஆள். கண்ணாத்தாளைக் கட்டி வீட்டோட மாப்பிள்ளையாக வந்தவன். இருபது வருடமாக ஊரே தன்னை மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை அவன் மரியாதை என்றே நினைத்திருந்தான். அது மரியாதைதான். கூடவே, நீ எங்கிருந்தோ வந்தவன் என்ற ஞாபகமூட்டலும்தான். ஈரச் சேற்றோடு நின்ற அவனுக்குத் திடீரென்று குளிர்ந்தது.

"சரி, அது கெடக்கட்டும்" என்றார் அம்பலம். "இப்ப விரால் பேச்சுக்கு வருவோம். சேவுகன் மொத வெள்ளைக்கு எறங்கியிருந்தான்னா, கருப்பரே அவனை ஊரோட சேத்து எறக்கிட்டாருன்னு அர்த்தம். பரிவட்டமும் அவனுக்கு, மனையும் அவனுக்கு. ரெண்டாவதுக்கு எறங்கியிருந்தா அவன் வெளியூரு. மடை மேல நின்னவன் நீ ஒருத்தன்தான் மாப்புள. கரை முழுக்க ஒன் கண்ணுல பட்டிருக்கும். கருப்பர் சாட்சியாச் சொல்லு. எந்த வெள்ளைக்கு எறங்குனான்?"

நாகராசு மனசுக்குள் கணக்குப் போட்டான். 'இரண்டாவது' என்று ஒரு வார்த்தை சொன்னால் கொட்டகை நிலைத்துவிடும். அது பொய்கூட இல்லை! உண்மையைச் சொல்லியே ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை. அவனுக்கு அமைந்தது. ஆனால் அவன் கண் வேறு பக்கம் போனது. கூட்டத்தின் ஓரத்தில் அழகி நின்றிருந்தாள். கன்னத்துப் பூச்சின் மேல் கண்மாய்ச் சேறு தெறித்து, எது பர்மா, எது காரைமேட்டுப்பட்டி என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இருந்தது.

"மொத…" என்று ஆரம்பித்தான்.

"ரெண்டாவதுங்க" என்றான் சேவுகன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவன் விராலை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் வந்தான்.

"அண்ணன் எனக்காகப் பொய் சொல்ல வேணாம். நான் ரெண்டாவது வெள்ளைக்குத்தான் எறங்குனேன். மொதல்ல எறங்குறது ஊர்க்காரங்கன்னு சொன்னீங்க. எங்கள ஊர்க்காரங்கன்னு இன்னும் யாரும் சொல்லலியே? சொல்லாம எறங்குனா அது களவுல்லங்க?" அவன் வழுக்கிய விராலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அங்க எங்கள 'கலா'ன்னு கூப்புடுவாங்க. வேத்தாளுன்னு அர்த்தம். நான் பொறந்த ஊருங்க அது! இங்க வந்தா பர்மாக்காரன்னு சொல்றீங்க. கப்பல்ல வரும்போது எம் மக கேட்டா, 'அப்பா, இப்ப நம்ம எந்த ஊரு?'ன்னு. 'நடுக்கடல்ல இருக்கோம்த்தா, எறங்கிச் சொல்றேன்'னேன். எறங்கியாச்சு. இன்னும் சொல்ல முடியலிங்க. அந்தப் புள்ளைக்கு நீங்களே ஒரு பதில் சொல்லிருங்க."

கருப்பர் சந்நிதி மணி காற்றில் ஒருமுறை தானே ஆடியது.

"அவனே ஒத்துக்கிட்டான்! முடிஞ்சுபோச்சு!" என்றான் ரெங்கராஜ்.

"முடியல!"

அந்தக் குரல் தன்னுடையது என்று நாகராசுவுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது, புத்தி பின்னாலேயே ஓடிவந்தது.

"மாமா, ரெண்டு வெள்ளையும் நான் வீசுனது. நான் எந்த ஊரு? சிங்கம்புணரிப் பக்கம். நான் கல்யாணம் கட்டி வந்தப்ப அது வெள்ளைக்காரன் சீமை. இது மகாராசா சமஸ்தானம். சண்டைக் காலம், அரிசிக் கட்டுப்பாடு. சீர் அரிசியச் சைக்கிள்ல வச்சு மிதிச்சு வாரேன். எல்லையில ஒரு சிப்பாய் புடிச்சு ஒக்கார வச்சிட்டாரு. 'யாருடா நீ? எந்த நாடு?'ங்கிறாரு! எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்ப எங்க மாமனார் வேர்க்க விறுவிறுக்க ஓடியாந்து ஒரு வார்த்தை சொன்னாரு. 'விடுங்கய்யா, நம்ம ஆளுதான்'னாரு. அந்த ஒத்த வார்த்தைதான் மாமா என் பட்டா! அதுக்கு மேல ஒரு துண்டுக் காயிதம் கெடையாது எங்கிட்ட!"

அவன் மூச்சு வாங்கினான். இப்போது யாரும் இருமவில்லை.

"இப்பச் சொல்லுங்க. வெளியூர்க்காரன் வீசுன வெள்ளை செல்லாதுன்னா, நீங்க யாருமே மொறைப்படி எறங்கல. பானையில இருக்க அம்புட்டு மீனையும் திரும்பக் கண்மாயில கொட்டுங்க!"

"என்னது!" பெண்கள் பக்கமிருந்து ஒரே கூச்சல் எழுந்தது. கண்ணாத்தாள் பானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கொட்டுறதா? நீங்க இங்கிட்டு வாங்க, ஒங்களக் கொட்டுறேன்!"

"அப்ப வெள்ளை செல்லும்! செல்லும்னா நான் ஊர்க்காரன்! நான் ஊர்க்காரன்னா, எங்க மாமனார் எனக்குச் சொன்ன வார்த்தைய நான் இன்னொருத்தனுக்குச் சொல்லலாம்ல?" நாகராசு சேற்றுக் கையால் சேவுகனின் தோளைப் பிடித்தான். "மொத வெள்ளையோ ரெண்டாவதோ, அதப் பத்திக் கவலையில்ல. சேவுகன் நம்ம ஆளுதான்!"

முதலில் அம்பலத்தின் வயிறு குலுங்கியது. அப்புறம் மீசை. அப்புறம் அவர் வாய்விட்டே சிரித்தார்.

"கொண்டாய்யா அந்தத் துண்டை!"

நாகராசு கக்கத்திலிருந்து எடுத்து நீட்டினான். அதை வெள்ளை என்று சொல்வதற்கு நல்ல மனசு வேண்டும். அம்பலத்துக்கு இருந்தது. சேறு சொட்டச் சொட்ட அதைச் சேவுகன் தலையில் கட்டினார். குலவைச் சத்தம் கண்மாய்க்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. விரால் மட்டும் கடைசிவரை ஆட்சேபித்து வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஒங்க கொட்டகை, மாப்புள?" என்று காதில் கிசுகிசுத்தான் ரெங்கராஜ்.

"பிரிக்க ஒரு கை குடு" என்றான் நாகராசு. கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னான். மனுசன்தானே.

அன்று பிற்பகலே கொட்டகை பிரிந்தது. சேவுகனும் ரெங்கராஜும் கீற்றை இறக்க, நாகராசு சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தன் வீட்டு வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனான். அந்த மனையில் செங்கமலம் மூட்டிய முதல் அடுப்பில் வாழைத்தண்டு போட்ட மீன் சாறு கொதித்தது. ஒரு கிண்ணம் நாகராசுவுக்கும் வந்தது. இதென்ன கூத்து என்ற முகத்தோடு வாயில் வைத்தவன், கடைசிச் சொட்டுவரை வாயில் கவிழ்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தான். கண்ணாத்தாள் செங்கமலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் கன்னத்தில் அந்த மரப்பட்டை விழுதைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சைக்கிளை உருட்டும்போது அவளும் கூட நடந்தாள். நாகராசுவின் மனசில் அந்த முள் மட்டும் இன்னும் தைத்துக்கொண்டுதான் இருந்தது.

"கண்ணாத்தா, அம்பலம் நழுவிட்டாரு. ரெங்கராஜு நழுவிட்டான். துண்டு செல்லும்னாங்களே தவிர, நான் ஊர்க்காரன்னு ஒருத்தனும் வாய் தெறந்து சொல்லல. நீயாச்சும் நெசத்தச் சொல்லு. நான் இந்த ஊர்க்காரனா, இல்லியா?"

கண்ணாத்தாள் நின்றாள். கன்னத்துப் பூச்சு காய்ந்து வெளுத்திருந்தது. அவள் சிரிக்கவில்லை, நழுவவும் இல்லை.

"இல்லங்க. நீங்க வந்தவருதான். சேவுகன் தம்பியும் வந்தவருதான். அதுல மறைக்க என்ன இருக்கு? பொறக்குற புள்ளையக்கூட 'எங்க புள்ள'ன்னு பெத்தவுக சொன்னாத்தான் அது இந்த ஊருப் புள்ள. மண்ணு யாரையும் ஊர்க்காரனாக்குறதில்ல. பக்கத்துல நிக்கிற மனுசன் 'நம்ம ஆளு'ன்னு சொல்ற ஒரு வார்த்தைதான் ஆக்குது. ஒங்களுக்கு எங்கப்பா சொன்னாரு. இன்னைக்கு அவுகளுக்கு நீங்க சொன்னீங்க. அந்த வார்த்தை கெடைச்சவன் அத அடுத்தவனுக்குச் சொல்லணும். சொல்லாமப் போனாத்தான் அவன் வெளியூர்க்காரன்."